'புத்தகம்' என்னும் இரைப்பை

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதியது)

முன்னுரை

படிப்பதற்கென்று புத்தகம் உண்டு. கழுவிச் சமைத்து உண்பதற்கும் ஒரு புத்தகம் உண்டு என்றால், தோழியரே, நீங்கள் நம்புவீர்களா? வியட்நாம் நாட்டில் உண்டு. மாட்டின் வயிற்றில் உள்ள நான்கு அறைகளுள் மூன்றாவதை அந்நாட்டு மக்கள் 'சாச்' என்கிறார்கள். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்குப் புத்தகம் என்றே பொருள். அந்த அறையைப் பிளந்து பார்த்தால், உள்ளே மெல்லிய தசை ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த புத்தகத் தாள்களைப் போலவே இருக்கும். பிரெஞ்சு மொழியிலும் அதற்குச் 'சிறு ஏடு' என்று பொருள்படும் பெயரே வழங்குகிறது.

அந்தப் புத்தகத்தைச் சுத்தம் செய்து, வெட்டி, 'ஃபோ' என்னும் நூடுல்ஸ் சூப்பில் சேர்ப்பது எப்படி என்பதே என் கட்டுரையின் பொருள். எங்கள் ஆயா (என் அம்மாவின் தாயார்) வியட்நாமில் பிறந்தவர். அவரிடம் அடுப்படியில் கற்றதையும், வகுப்பில் அறிவியல் பாடத்தில் கற்றதையும் சேர்த்து இதனை எழுதியிருக்கிறேன். "சீ, குடலா!" என்று முகம் சுளிக்காமல் இறுதிவரை படிக்க வேண்டுகிறேன். ஒரு காலத்தில் நானும் முகம் சுளித்தவள்தான். அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

ஃபோ பிறந்த கதை

நாம் 'ஃபோ' என்று எழுதினாலும் அதன் சரியான ஒலி 'ஃபா'வுக்கும் 'ஃபோ'வுக்கும் இடைப்பட்டது. கேள்வி கேட்பது போல முடிவில் குரலை உயர்த்திச் சொல்ல வேண்டும். இச்சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது என்று சிலரும், சீன மொழியிலிருந்து வந்தது என்று சிலரும் கூறுகின்றனர்.

இவ்வுணவு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட வியட்நாமில், ஹனோய் நகரிலும் நாம் தின் நகரை ஒட்டிய ஊர்களிலும் உருவாயிற்று. அதற்கு முன் அந்நாட்டு உழவர்களுக்கு மாடு ஏர் உழும் துணை; அதை உண்பது குறைவு. பிரெஞ்சுக்காரர் ஆட்சிக்கு வந்தபின் அவர்களுடைய மேசைக்காக மாட்டிறைச்சி வெட்டப்பட்டது. நல்ல சதைப்பற்றான துண்டுகள் அவர்களுக்குப் போயின. எலும்பும் தசைநாரும் இரைப்பையும் எஞ்சின. எஞ்சியவற்றை வாங்கி, நாள் முழுதும் கொதிக்க வைத்து, அரிசி நூடுல்ஸின் மேல் ஊற்றித் தெருவில் விற்றவர்களே ஃபோவை உலகுக்குத் தந்தவர்கள். தோளில் காவடி போல் ஒரு கழி. ஒரு முனையில் அடுப்பும் கொதிக்கும் பானையும், மறுமுனையில் கிண்ணங்களும் நூடுல்ஸும். இப்படிச் சுமந்துகொண்டு விடியற்காலையில் கூவி விற்றார்கள்.

1954-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையால் வியட்நாம் வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்தது. அப்போது பத்து இலட்சத்துக்கு நெருங்கிய மக்கள் வடக்கிலிருந்து தெற்கே குடிபெயர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்களோடு ஃபோவும் சைகோன் நகருக்குப் பெருமளவில் வந்து சேர்ந்தது. தெற்கே வந்தபின் அதன் மேல் பயறு முளை, துளசி போன்ற மணத்தழைகள், எலுமிச்சை, இனிப்பான கறுப்புச் சாந்து எல்லாம் சேர்ந்தன. வடக்கத்தியார் இன்றும் வெங்காயத்தாளும் சாறுமே போதும் என்பார்கள்.

போர்க்காலத்தில், 1960-களில், ஹனோய் நகரின் அரசுக் கடைகளில் இறைச்சியே இல்லாத ஃபோ விற்றார்கள். அந்நாட்டின் மேல் அப்போது ஆளில்லாத அமெரிக்க வேவு விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. மக்கள் அந்த வெறும் சூப்புக்கு 'விமானி இல்லாத ஃபோ' என்று பெயர் வைத்துச் சிரித்தார்களாம். இறைச்சித் துண்டு ஒன்றைக் கண்ணால் காண்பதே அரிதாக இருந்த நாட்டில், மாட்டின் எந்த உறுப்பையும் வீணாக்க மனம் வராது அல்லவா?

2024-ஆம் ஆண்டில் வியட்நாம் அரசு ஹனோய் ஃபோவையும் நாம் தின் ஃபோவையும் தன் நாட்டுப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. மீந்துபோனவற்றால் பிறந்த உணவு ஒரு நாட்டின் பெருமையாகிவிட்டது!

ஆயா வந்த வழி

எங்கள் ஆயாவும் ஃபோவும் ஒரே வழியில் வந்தவர்கள். ஆயா நாம் தின் நகருக்கு அருகே பிறந்து, 1954-இல் ஆறு வயதுக் குழந்தையாகப் பெற்றோருடன் சைகோனுக்கு வந்தார். எங்கள் தாத்தா சைகோனில் பிறந்த புதுச்சேரித் தமிழர். பிரெஞ்சுக்காரர்கள் சைகோனை ஆண்ட காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர் பலர் அங்கே அலுவலர்களாகவும் காவலர்களாகவும் படைவீரர்களாகவும் வணிகர்களாகவும் பணியாற்றினர் என்பது வரலாறு. தாத்தாவின் தந்தை அவ்வாறு கப்பலேறியவர்களுள் ஒருவர். 1975 ஏப்ரல் 30-ஆம் நாள் போர் முடிந்தது. மறு ஆண்டு தாத்தாவும் ஆயாவும் புதுச்சேரிக்கு வந்தனர். அப்போது ஆயாவுக்குத் தமிழில் எண்கள்கூடத் தெரியாது. சந்தையில் பேரம் பேசித்தான் தமிழ் கற்றாராம்.

ஊரும் மொழியும் மாறினாலும் ஞாயிற்றுக்கிழமை ஃபோ மட்டும் எங்கள் வீட்டில் மாறவில்லை. மீந்ததைத் திங்கட்கிழமை என் டிபன் பாக்ஸில் ஆயா வைத்துக் கொடுப்பார். எட்டாம் வகுப்பில் ஒரு நாள் பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "இது என்னடி, துண்டு மாதிரி சுருட்டிக்கிட்டு இருக்கு?" என்றாள். "கோழிக்கறிதான்" என்று சொல்லிவிட்டு மூடியை மூடினேன். அடுத்த வாரம் முதல் திங்கட்கிழமைகளில் எலுமிச்சைச் சாதம் போதும் என்று அம்மாவிடம் சொன்னேன். ஆயா காரணம் கேட்கவில்லை. கேட்காததால் அவருக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாட்டின் நான்கு அறைகள்

மாடு புல்லை மெல்லாமல் விழுங்கி, பிறகு ஓய்வாக அசைபோடும் விலங்கு. அதற்கேற்ப அதன் வயிறு நான்கு அறைகளாக அமைந்துள்ளது.

முதல் அறையின் பெயர் ரூமென். இது மிகப் பெரியது. இதன் உட்புறம் குளியல் துண்டைப் போலச் சொரசொரப்பாக இருக்கும். இதில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கச் செய்கின்றன.

இரண்டாம் அறை ரெட்டிகுலம். இதன் உட்புறம் தேன்கூடு போன்ற ஆறுகோணக் கட்டங்களால் ஆனது. வியட்நாமியரும் இதைத் 'தேன்கூடு' என்றே அழைக்கின்றனர்.

மூன்றாம் அறை ஒமாசம். இதுவே நம் 'புத்தகம்'. உணவிலுள்ள நீரை உறிஞ்சுவது இதன் முக்கியப் பணி. பரப்பு அதிகமாக இருந்தால் உறிஞ்சுவதும் அதிகமாகும் என்பதால் இது ஏடு ஏடாக மடிந்திருக்கிறது. ஏறத்தாழ நூறு ஏடுகள், பெரிதும் சிறிதுமாக இருக்கும். நானே ஒரு முறை எண்ணத் தொடங்கி, எழுபதைத் தாண்டியதும் கணக்குத் தவறி விட்டுவிட்டேன்.

நான்காம் அறை அபோமாசம். நமது இரைப்பையைப் போலச் செரிமான நீர் சுரப்பது இதுதான்.

ஃபோவில் முதல் மூன்று அறைகளையும் சேர்ப்பதுண்டு. எனினும் சிறப்பிடம் புத்தகத்துக்கே. மற்றவை மென்மை தரும். புத்தகம் 'நறுக் நறுக்'கென்று பல்லில் கடிபடும்.

நான் செய்த பிழை

சென்ற ஆண்டு ஆயாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. அடுப்பனல் முகத்தில் படக்கூடாது, குனியக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதே வாரத்தில் தாத்தாவின் நினைவு நாள். உறவினர் பதினெட்டுப் பேர் வருவதாக இருந்தது. தாத்தாவின் நினைவு நாளில் ஃபோ இல்லாமல் இருந்ததே இல்லை. "நான் செய்கிறேன்" என்று முன்வந்தேன். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், இதில் என்ன கடினம் என்று எண்ணினேன்.

புத்தகத்தை அப்படியே முழுதாகக் குழாயடியில் பிடித்து மூன்று முறை கழுவினேன். வெளிப்புறம் பளபளவென்று இருந்தது. எரிவாயுவைச் சிக்கனம் செய்யலாம் என்று எலும்புச் சாறு கொதித்துக்கொண்டிருந்த பானையிலேயே அதையும் போட்டேன். அரை மணி நேரத்தில் வீடெல்லாம் மாட்டுக் கொட்டகை வாடை. வாயில் வைத்தால் 'நறநற'வென்று மண். ஆறு மணி நேரம் காய்ச்சிய சாற்றைக் கொட்ட வேண்டியதாயிற்று. வந்தவர்களுக்கு அம்மா அவசரமாக ரசமும் முட்டை வறுவலும் செய்தார். யாரும் குறை சொல்லவில்லை. நான்தான் பின்கட்டில் போய் அழுதேன்.

கண்ணில் கறுப்புக் கண்ணாடியுடன் ஆயா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் அமர்ந்தார். திட்டவில்லை.

"கண்ணு, எப்படிக் கழுவினே?" என்றார். சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பொஸ்தகத்தை மூடி வெச்சிக்கிட்டே படிச்சியா?" என்றார்.

அழுகையினூடே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு, "டிபன் பாக்ஸையும் மூடிட்டே. உனக்கு வெக்கமா இருந்தா என்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார். இரண்டு ஆண்டுகளாக அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. எனக்குப் பதில் வரவில்லை. "அடுத்த ஞாயிறு கத்துக் குடுங்க ஆயா" என்று மட்டும் சொன்னேன். அன்று கற்றதே கீழே வரும் பாடம்.

கழுவும் முறை

வெட்டிய அன்றே வாங்குவது நல்லது. கைக்கு உறுதியாக இருக்க வேண்டும். கொழகொழப்பும் அழுகல் வாடையும் கூடாது. புத்தகத்தின் இயல்பான நிறம் கருமை. கடையில் வெள்ளை வெளேரென்று இருப்பது ஏற்கெனவே சுரண்டப்பட்டது. சில இடங்களில் இரசாயனப் பொருளால் வெளுக்க வைப்பதும் உண்டு. ஆகவே கறுப்பாக வாங்கி வீட்டில் சுத்தம் செய்வதே நம்பகமானது என்பார் ஆயா. அளவு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது, கடைக்காரரிடமே பிளந்து, உள்ளிருப்பதைக் கொட்டி வாங்க வேண்டும். பின்னர் மூன்று, நான்கு துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். முழுதாக வைத்திருந்தால் நடு ஏடுகள் திறக்காது.

இரண்டாவது, ஓடும் நீரில் ஒவ்வோர் ஏட்டையும் விரலால் விலக்கி, இரு பக்கமும் தேய்த்துக் கழுவ வேண்டும். மாடு தின்ற புல்லின் துகளும் மண்ணும் ஏட்டின் அடிமடிப்பில்தான் ஒளிந்திருக்கும். இதற்கு மட்டும் எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. ஆயாவுக்கு இருபது.

மூன்றாவது, ஒரு கைப்பிடி கல் உப்பைத் தூவி ஏடு ஏடாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். இப்படி இரண்டு முறை. உப்பின் சொரசொரப்பு வழுவழுப்பான படலத்தை அரித்து எடுத்துவிடும்.

நான்காவது, இரண்டு லிட்டர் தண்ணீரில் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை ஒரு தேக்கரண்டி கரைத்து, அதில் பத்து நிமிடம் ஊற வைக்க வேண்டும். கறுப்புத் தோல் தளர்ந்துவிடும். கரண்டியின் விளிம்பால் மெல்லச் சுரண்டினால் அடியில் வெளிர் நிறம் தெரியும். சுண்ணாம்பு இல்லாவிட்டால், கை பொறுக்காத அளவுக்குச் சுட்ட, ஆனால் கொதிக்காத நீரில் ஒரு நிமிடம் முக்கியும் சுரண்டலாம். கொதிநீரில் போட்டால் ஏடு சுருங்கி, தோல் இன்னும் இறுகப் பற்றிக்கொள்ளும்.

ஐந்தாவது, நல்ல நீரில் நான்கைந்து முறை அலசிவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் கலந்த நீரில் ஐந்து நிமிடம் வைத்து, மீண்டும் அலச வேண்டும்.

சுண்ணாம்பு கையின் சிறு கீறலிலும் எரியும். கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. ஆகவே ரப்பர் கையுறை அணிய வேண்டும். கீழ் வகுப்புத் தங்கையர் பெரியவர் துணையின்றி இதைச் செய்தல் கூடாது.

சுண்ணாம்பும் மஞ்சளும்: ஒரு சிறு சோதனை

நீற்றுச் சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. அது ஒரு வலிய காரம். காரம் புரதத்தை ஊறிப் பருக்கச் செய்து, மேல்தோலின் பிடியைத் தளர்த்துகிறது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் முடியை நீக்கச் சுண்ணாம்பு பயன்படுவதும் இதே காரணத்தால்தான். வினிகரில் இருப்பது அசெட்டிக் அமிலம். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும் என்று நாம் படித்த நடுநிலையாக்கல் வினையே ஐந்தாவது படியில் நிகழ்கிறது.

சுண்ணாம்பு முழுதும் போய்விட்டதா என்பதை எப்படி அறிவது? ஆயா இரு விரல்களுக்கிடையே ஏட்டைத் தேய்த்துப் பார்ப்பார். வழுக்கினால் இன்னும் இருக்கிறது, பிடித்தால் போய்விட்டது. ஐம்பது ஆண்டுப் பழக்கமுள்ள அந்த விரல்கள் எனக்கு இல்லையே! அப்போது நம் ஆய்வகத்தில் செய்த சோதனை நினைவுக்கு வந்தது. மஞ்சள் ஒரு காரங்காட்டி. கடைசியாக அலசிய நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டேன். நீர் சிவந்தது. இன்னும் இரண்டு முறை அலசி மீண்டும் போட்டேன். மஞ்சள் மஞ்சளாகவே நின்றது.

"இது யார் சொல்லிக் குடுத்தது?" என்று ஆயா கேட்டார். "பள்ளிக்கூடத்துல ஆயா" என்றேன். டம்ளரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். அன்று முதல் எங்கள் வீட்டில், "மஞ்சள் டம்ளர் பாத்தியா?" என்று ஆயாவே கேட்கிறார்.

வேக வைக்கும் முறை

இரைப்பையை எலும்புச் சாற்றில் வேக வைக்கக் கூடாது. தனிப் பாத்திரம் வேண்டும். எவ்வளவு கழுவினாலும் சிறிது வாடை இருக்கும். அது சாற்றில் இறங்கினால் சாறு கெட்டுவிடும். என் பிழை எனக்கு இதைக் கற்பித்தது.

தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது புத்தகத்தைப் போட்டு இரண்டு நிமிடத்தில் எடுத்து, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். மறுபடியும் புதுநீர் இரண்டு லிட்டர் வைத்து, நசுக்கிய இஞ்சி ஒரு துண்டும் சிறிது உப்பும் சேர்த்து, கொதிக்கும்போது போட்டுப் பத்து நிமிடம் வேக வைத்து எடுக்க வேண்டும். உடனே பனிக்கட்டியும் எலுமிச்சைச் சாறும் கலந்த குளிர்நீரில் போட வேண்டும். சூடு உடனே தணிவதால் ஏடுகள் மேலும் சுருங்காமல் மொறுமொறுப்பாக நிற்கும்.

தேன்கூட்டுக்கும் முதல் அறைக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அவை தடித்தவை, அவற்றில் கொலாஜன் என்னும் இணைப்புத் திசுப் புரதம் மிகுதி. அது நீரில் நெடுநேரம் வெந்தால்தான் ஜெலட்டினாக மாறி மென்மையாகும். ஆகவே இரண்டு முதல் மூன்று மணி நேரம் சிறுதீயில் வேக வேண்டும். புத்தகத்தையோ குறைவாக வேக வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினால் ரப்பர்தான்.

ஆறியபின் கூர்மையான கத்தியால் ஏடுகளுக்குக் குறுக்கே, துடைப்பக் குச்சி கனத்துக்கு மெல்லியதாக நறுக்க வேண்டும். "புல்லுலேர்ந்து வந்தது, புல்லு மாதிரியே நறுக்கு" என்பார் ஆயா.

சாறு காய்ச்சும் முறை

இரண்டு கிலோ மாட்டெலும்பைக் கொதிநீரில் பத்து நிமிடம் வைத்து, அழுக்கு நீரைக் கொட்டி, எலும்பைக் கழுவிக்கொள்ள வேண்டும். பிறகு ஆறு லிட்டர் தண்ணீரில் போட்டுச் சிறுதீயில் ஆறு மணி நேரமாவது காய்ச்ச வேண்டும். மேலே வரும் நுரையை அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். தீயைக் கூட்டினால் சாறு கலங்கிவிடும். மூடியையும் சாய்த்தே வைக்க வேண்டும்.

நூறு கிராம் இஞ்சியையும் இரண்டு பெரிய வெங்காயத்தையும் தோலுடன் தீயில் சுட்டு, கருகிய தோலை நீக்கிப் போட வேண்டும். ஐந்து அன்னாசிப்பூ, விரல் நீளப் பட்டை இரண்டு, கிராம்பு நான்கு, கறுப்பு ஏலக்காய் ஒன்று, கொத்தமல்லி விதை ஒரு தேக்கரண்டி ஆகியவற்றை வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, துணியில் முடிச்சாகக் கட்டி, கடைசி ஒரு மணி நேரம் மட்டும் சாற்றில் போட வேண்டும். நம் பிரியாணியில் மணக்கும் அன்னாசிப்பூ, வட வியட்நாமின் லாங் சோன் மலைப்பகுதியில் மிகுதியாக விளைகிறது. எனவே இந்த மணம் நமக்குப் புதிதன்று.

இறுதியில் நெல்லிக்காய் அளவு கற்கண்டும், 'நுவொக் மாம்' என்னும் மீன் சாறும், உப்பும் சேர்க்க வேண்டும். நுவொக் மாம் என்பது நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிட்டு மாதக்கணக்கில் ஊற வைத்து வடித்தது. பாட்டிலைத் திறந்தால் வாடை. சாற்றில் கலந்தால் சுவை.

கிண்ணத்தில் சேர்த்தல்

தட்டையான அரிசி நூடுல்ஸை ஊற வைத்து, கொதிநீரில் சில நொடிகள் முக்கி எடுத்து, கிண்ணத்தில் போட வேண்டும். அதன்மேல் வேக வைத்த இறைச்சித் துண்டுகள், புத்தக இழைகள், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், கொத்தமல்லித் தழை. கொதிக்கும் சாற்றைக் கிண்ணம் நிறைய ஊற்றி உடனே பரிமாற வேண்டும். 'ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை' என்பது நம் பழமொழி. ஃபோவுக்கு அது பொருந்தாது. ஆறவிட்டால் நூடுல்ஸ் ஊறிப்போய்விடும்!

எங்கள் வீட்டில் மாமாக்கள் தெற்கத்திய வழக்கப்படி முளையும் தழையும் மிளகாயும் எலுமிச்சையும் சேர்ப்பார்கள். ஆயா மட்டும் வெங்காயத்தாளோடு நிறுத்திக்கொள்வார். "எங்க அம்மா இப்படித்தான் தின்னாங்க" என்பார்.

சத்தும் எச்சரிக்கையும்

சமைக்காத மாட்டு இரைப்பை 100 கிராமில் சுமார் 12 கிராம் புரதமும், 4 கிராமுக்குச் சற்றுக் குறைவான கொழுப்பும் உள்ளன. வைட்டமின் பி12, துத்தநாகம் ஆகியனவும் உண்டு. சதைக்கறியைவிட விலை குறைவு என்பதால் எளிய குடும்பத்துக்கும் புரதம் தரும் உணவு இது. ஆயினும் 100 கிராமில் 120 மில்லிகிராம் அளவுக்குக் கொலஸ்ட்ரால் இருப்பதால், மருத்துவர் தடுத்தவர்கள் தவிர்ப்பது நலம். அரைகுறையாகக் கழுவியதும் அரைவேக்காடும் நோய்க்கு வழி. பச்சை இரைப்பை பட்ட கத்தி, பலகை, கை ஆகியவற்றைச் சோப்பால் கழுவாமல் வேறு எதையும் தொடக்கூடாது.

நம் வகுப்பில் மாட்டிறைச்சி உண்ணாத தோழியர் பலர் இருக்கிறார்கள். அவர்கள் உண்ண வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. ஒரு வீட்டின் உணவுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பும் எத்தனை ஊர்களின் கதையும் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் போதும்.

முடிவுரை

இந்த ஆண்டு தாத்தாவின் நினைவு நாளுக்கு முந்தைய மாலை, ஆயா நாற்காலியில் அமர்ந்திருக்க, நான் தரையில் அமர்ந்து ஏடு ஏடாகக் கழுவினேன். என் தோழியர் இருவரை வீட்டுக்கு அழைத்திருந்தேன். அவர்களுள் ஒருத்தி, எட்டாம் வகுப்பில் என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்தவள். அன்று பொய் சொன்னதை அவளிடம் ஒப்புக்கொண்டேன். "நான் சும்மாதானே கேட்டேன்!" என்றாள் அவள். அவளுக்கு அது நினைவில்கூட இல்லை. அவள் மாட்டிறைச்சி உண்ணாதவள்; அன்னாசிப்பூவும் பட்டையும் வறுத்துக் கொடுத்தாள். அவளுக்காக ஆயா காய்கறிச் சாற்றில் தனியாக ஒரு கிண்ணம் செய்து வைத்தார். மறுநாள் பதினெட்டுக் கிண்ணங்களும் காலியாகத் திரும்பி வந்தன.

ஆயாவின் அளவுகள் எல்லாம் 'ஒரு கை', 'கொஞ்சம்', 'வாசனை வர்ற வரைக்கும்' என்பவைதாம். எந்தப் புத்தகத்திலும் அவை எழுதப்படவில்லை. அவருக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆகையால் அவர் கையில் அள்ளிய உப்பை நான் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டேன். நம் வீடுகளில் பாட்டிமார்களின் கையளவில் எத்தனை பாடங்கள் இப்படி எழுதப்படாமல் இருக்கின்றன! தோழியரே, கேட்டு எழுதி வையுங்கள். விலை குறைந்ததென்று யாரும் தொடாத பொருளும், பொறுமையோடு ஏடு திறந்து பார்ப்பவருக்குப் பயன் தரும்.

இக்கட்டுரையை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இன்னொண்ணு எழுது. கழுவுற தண்ணியை வாழைக்கு ஊத்தணும், உப்புத் தண்ணியையும் சுண்ணாம்புத் தண்ணியையும் ஊத்தக்கூடாது" என்றார். அதையும் எழுதிவிட்டேன்.